மூலைவிட்டப் புராணம்

1893-இல் சிகாகோவில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஒன்று ஊரறிந்தது. மதராஸ் நண்பர்கள் காசு திரட்டி அனுப்பிய ஒரு சந்நியாசி, சர்வ சமயப் பேரவையில் பேசிக் கைதட்டல் வாங்கினார். இன்னொன்றை யாரும் கொண்டாடுவதில்லை. அதே ஊரில், அதே ஆண்டில், செங்கல் சுவருக்கு வேலை போயிற்று.

மொனாட்நாக் என்று ஒரு கட்டடம் அங்கே இன்றும் நிற்கிறது. அதன் வடக்குப் பாதி 1891-இல் முடிந்தது. 16 மாடி, சுமப்பது சுவர். சுமக்கிற சுவர் ஒல்லியாக இருக்குமா? தரைமட்டத்தில் அதன் கனம் 6 அடி. வாடகைக்கு விடவேண்டிய இடத்தில் சுவரே குடியிருந்தால் எந்த முதலாளிக்குத்தான் வயிறு எரியாது? 1893-இல் முடிந்த தெற்குப் பாதியில் எஃகுச் சட்டகத்தை நம்பினார்கள். பாரமெல்லாம் தூணுக்கும் பீமுக்கும் மாறியது. மழை, திருடன், பக்கத்து ஆபீஸ்காரர் ஆகிய மூவரையும் வெளியே நிறுத்துவது மட்டும்தான் சுவருக்கு மிஞ்சிய உத்தியோகம்.

அன்றைக்கு அடித்த பேர் அடித்ததுதான். கட்டடம் தாங்குமா என்று கணக்குப் போடுகிற பொறியாளர் தூணை எண்ணுவார், பீமை எண்ணுவார். சுவரை எடையாக மட்டும் எண்ணுவார். அதன் பாரத்தைக் கடைசிக் கிலோ வரை சேர்த்துக்கொள்வார், பலத்தைச் சேர்க்க மாட்டார். ரேஷன் கார்டில் பேர் உண்டு, மஸ்டர் ரோலில் இல்லை.

இதில் ஒரே ஒரு சிக்கல். வேலை போன விஷயத்தைச் சுவரிடம் யாரும் சொல்லவில்லை.

1906 ஏப்ரல் 18 அதிகாலையில் சான் பிரான்சிஸ்கோ ஆடியது. எஃகுச் சட்டகத்துக்குள் செங்கல் நிரப்பிய உயரமான கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. பின்னாலேயே வந்த தீ உள்ளே இருந்த சாமான்களைத் தின்றுவிட்டுப் போனது, அது தனிக் கதை. நின்றதற்கான பாராட்டுப் பத்திரம் எஃகுக்குப் போனது. சுவர்களில் மூலைக்கு மூலை விரிசல். விரிசல் விட்டவன் தோற்றவன் என்று முடிவுகட்டி, பூசி மறைத்து, சுண்ணாம்பு அடித்தார்கள். அடி வாங்கியவன்தான் அடியைத் தாங்கியவன் என்று யோசித்துப் பார்க்க இன்னும் அரை நூற்றாண்டு பாக்கி இருந்தது.

நடந்தது இதுதான். நான்கு பக்கச் சட்டகத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் செவ்வகம் சாய்ந்து இணைகரமாகப் பார்க்கும். உள்ளே முட்ட முட்டக் கட்டிய செங்கல் சுவர் அதற்குச் சம்மதிக்காது. எதிரெதிரான இரண்டு மூலைகளில் சட்டகம் சுவரை நெருக்கும். மற்ற இரண்டு மூலைகளில் கையை விட்டு விலகிக்கொள்ளும். நெருக்கும் விசை ஒரு மூலையில் ஏறி, சுவரின் குறுக்காக ஓடி, எதிர் மூலையில் இறங்கும். நிலநடுக்கம் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு நிற்பதில்லையே; அடுத்த நொடியே மறுபக்கம் இழுக்கும்போது இன்னொரு மூலைவிட்டம் வேலைக்கு வரும். முடிந்து பார்த்தால் சுவரில் பெருக்கல் குறி மாதிரி விரிசல். அதை வாத்தியார் போட்ட தப்புக்குறி என்று படித்தார்கள், அது சுவர் போட்ட கையெழுத்து.

இந்தக் குறுக்குக் கோட்டை அதற்கு முன்னால் யாருமே பார்த்ததில்லையா என்றால், பார்த்ததோடு நிற்காமல் மரத்தில் செய்தே வைத்திருந்தார்கள். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாளன்று, தேவாலயங்கள் நிரம்பியிருந்த நேரம் பார்த்து லிஸ்பன் இடிந்தது. மந்திரி பொம்பல், கண்ணீர் விடுவதைப் பாதிரிமார்களிடம் ஒப்படைத்துவிட்டு நகரத்தைத் திரும்பக் கட்டக் கிளம்பினார். ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் ஒரு மரக்கூண்டு. கூண்டு முழுக்கப் பெருக்கல் குறிச் சட்டங்கள், இடைவெளிகளில் கல்லும் கலவையும். மாதிரிக் கூண்டைச் சதுக்கத்தில் நிறுத்தி, சுற்றிலும் படைவீரர்களை ஓங்கி மிதித்து அணிவகுக்கவிட்டுச் சோதித்ததாகச் சொல்வார்கள். உலகத்தின் முதல் அதிர்வு மேடை பூட்ஸ் போட்டிருந்தது.

காஷ்மீரத்துக் கொத்தனார்கள் பொம்பலைக் கேட்டதில்லை, பொம்பலும் அவர்களைக் கேட்டதில்லை. அங்கே தஜ்ஜி தேவாரி என்று ஒரு கட்டுமானம். மெல்லிய மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் அறைந்து, கட்டங்களுக்குள் சிறு கல்லையும் மண்ணையும் திணிப்பது. பார்த்தால் ஒட்டுப்போட்ட துணி. 2005-இல் காஷ்மீரம் குலுங்கியபோது, கான்கிரீட் என்று பேர் வைத்திருந்த பல கட்டடங்கள் படுத்துவிட, இந்த ஒட்டுத்துணி வீடுகள் நிறையவே நின்றன. நிபுணர்கள் ஓடோடி வந்து போட்டோ பிடித்தார்கள்.

அப்படியாக, மூலைவிட்டத்தை முதலில் மரத்தில் அடித்தோம். நாகரிகம் முற்றியதும் மரத்தைப் பிடுங்கி எறிந்தோம். பிறகு அதே மூலைவிட்டத்தைக் காகிதத்தில் கற்பனையாக வரைந்து, அதற்கு முனைவர் பட்டம் கொடுக்க ஆரம்பித்தோம்.

காகிதத்துக்கு வருமுன் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு நிமிடம் ஏறி இறங்கிவிடலாம். 1931-இல் திறந்த 102 மாடி எஃகு ராட்சசன். பலத்த புயலில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க அளவுமானிகள் பொருத்தினார்கள். ஒரு பெருங்காற்றில் 29-ஆவது, 41-ஆவது மாடிச் சுவர்களில் மூலைவாட்டில் விரிசல். விரிசல் விழும்வரை எஃகுத் தூண்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தெரியவில்லை. அதாவது உலகத்தின் மிக உயரமான எஃகுச் சட்டகம், காற்றைச் சுவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சும்மா நின்றிருக்கிறது! 1938-இல் இதெல்லாம் அச்சிலும் வந்தது. படித்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டடத்துக்குத் தூணையும் பீமையும் மட்டும் எண்ணப் போய்விட்டார்கள்.

சுவருக்காக வாதாடிய முதல் பெரிய வக்கீல் மாஸ்கோவிலிருந்து வந்தார். தொழிலாளி கட்சிக்காரர்கள் நாட்டில்தானே இது நடக்க முடியும்! 1950-களில் எஸ். வி. பொல்யகோவ் என்ற சோவியத் ஆராய்ச்சியாளர், எஃகுச் சட்டகங்களில் செங்கல் நிரப்பி, இடிந்து விழும்வரை தள்ளிப் பார்த்தார். ஒன்றல்ல, ஏராளம். மூலைகளில் நெருக்கம், மற்ற மூலைகளில் விலகல் என்பதைக் கண்ணால் கண்டு எழுதினார். எழுதியதோடு ஒரு யோசனையும் சொன்னார்: சுவரைக் கணக்கில் எடுக்கக் கஷ்டமாக இருக்கிறதா? அதைத் தூக்கிவிடுங்கள், அதற்குப் பதில் மூலைக்கு மூலை ஒரு கட்டையைக் கொடுங்கள். அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான செங்கல், கலவை, பூச்சு, மேஸ்திரியின் மனநிலை எல்லாம் சேர்ந்து ஒரு குச்சி.

பொறியியலில் இவ்வளவு அடாவடியான சுருக்கம் குறைவு. ஆனால் வேலை செய்தது. ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதும், மேற்குலகம் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டது. குச்சியின் அகலம் என்ன?

இந்தக் கேள்விக்கு அறுபது வருடத்துக்கு மேலாகப் பதில் வந்துகொண்டே இருக்கிறது. வேறு வேறு பதில்கள்.

1961-இல் ஹோம்ஸ் என்ற ஆங்கிலேயர், மூலைவிட்ட நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றார். துப்பறிவாளர் ஹோம்ஸ் இல்லை, இவர் கட்டுமான ஆராய்ச்சியாளர். ஆனால் விடை சொன்ன வேகத்தைப் பார்த்தால் சொந்தக்காரரோ என்று தோன்றும். ஸ்டாஃபர்ட் ஸ்மித் ஒத்துக்கொள்ளவில்லை. தூண் விறைப்பாக இருந்தால் சுவரை நீளத்துக்கு அணைக்கும், தொளதொளவென்று இருந்தால் மூலையில் மட்டும் குத்தும், ஆகவே இருவரின் விறைப்பையும் ஒப்பிட்டுத்தான் அகலம் சொல்ல முடியும் என்று வாதாடினார். நியாயமான பேச்சு. அதற்காக அவர் கொண்டுவந்த லாம்டா என்ற அளவில், ஒரு பெரிய பின்னத்துக்கு நான்காம் படி மூலம் எடுக்க வேண்டும். மாணவர்களின் சாபத்தை அவர் வெகுநாள் சுமந்திருப்பார்.

அப்புறம் 1971-இல் மெயின்ஸ்டோன். இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையத்துக்காரர். லாம்டாவை வைத்துக்கொண்டே அகலத்தைப் பாதிக்கும் கீழே வெட்டினார். சட்டகத்துக்குள் சுவர் என்ன செய்கிறது என்று பார்த்த கையோடு, இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவில் சுவரும் குவிமாடமும் என்ன செய்கின்றன என்று பார்க்கப் போய், 1988-இல் அதைப் பற்றி ஒரு தடிமனான புத்தகமும் எழுதினார். 537-இல் திறந்து, நிலநடுக்கம் உலுக்கி, 558-இல் குவிமாடம் சரிந்து, திரும்பக் கட்டிய தேவாலயம் அது. ஒரு செங்கல் எப்படிப் பொய் சொல்லும் என்று மெயின்ஸ்டோனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

1992-இல் நியூசிலாந்துக்காரர்களான பாலே, பிரீஸ்ட்லி இருவரும் சண்டையைத் தீர்த்துவைக்க வந்தார்கள். பாலே ஹங்கேரியில் குதிரைப்படை அதிகாரியாக இருந்து, போருக்குப் பின் நாடு பெயர்ந்து பொறியாளர் ஆனவர். சேணம் பூட்டிய ஆளுக்கு நான்காம் படி மூலத்தில் என்ன மயக்கம்? நாலில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஒரு சுவரில் இவர்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பார்க்கலாம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், மூலைவிட்டம் 5 மீட்டர். நம்மூர் ஒன்பது அங்குலச் சுவர், 300-க்கு 300 மில்லிமீட்டர் கான்கிரீட் தூண், சுமாரான செங்கல். ஹோம்ஸ் கணக்கில் குச்சியின் அகலம் 167 சென்டிமீட்டர். பாலே கணக்கில் 125. மெயின்ஸ்டோன் கணக்கில் ஏறக்குறைய 52. ஒரே சுவருக்கு மூன்று மகான்கள் சொன்ன விடைகளுக்குள் மூன்று மடங்கு வித்தியாசம்! துணிக்கடையில் இப்படி அளந்தால் அடிதடி நடக்கும். இங்கே மாநாடு நடந்தது.

மாநாடு நடக்க நடக்கக் குச்சிகளும் பெருகின. ஒரு குச்சி மூலையில் மட்டும் குத்துகிறது, நிஜச் சுவரோ தூணின் இடுப்பிலும் குத்துகிறதே என்று மூன்று குச்சி வைத்தவர்கள் உண்டு. ஆறு வைத்தவரும் உண்டு. இன்னொரு கோஷ்டி குச்சியையே வெறுத்து, ஒவ்வொரு செங்கல்லையும் ஒவ்வொரு கலவை மூட்டையும் தனித்தனியாகக் கணினியில் அடுக்கியது. ஒரு சுவருக்குப் படம் அழகாக வரும். பத்து மாடிக்குப் போட்டால், விடை வருவதற்குள் நிஜ நிலநடுக்கமே வந்துவிடும் என்று அந்தக் கோஷ்டிக்காரர்களே கிண்டலடிப்பார்கள்.

சண்டைக்கு நடுவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் உருப்படியான காரியம் செய்தன. 1970-இல் இல்லினாய்ஸில் ஃபியோரட்டோ, சோசன், கேம்பிள் மூவரும் கான்கிரீட் சட்டகத்துக்குள் செங்கல் நிரப்பித் தள்ளினார்கள். சுவர் எப்போதும் மூலைவிட்டமாகவே உடைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படுக்கை மூட்டு ஒன்றில் வழுக்கி, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி ஒரு பக்கமும் போகலாம். அப்போது பக்கத்தில் நிற்கும் தூணுக்கு இடுப்பில் உதை. முழு உயரத்துக்கு வளையத் தயாராக இருந்த தூண், பாதி உயரத்தில் மடக்கென்று ஒடியும். 1976-இல் பெர்க்கிலியில் கிளிங்னரும் பெர்டெரோவும் மறுபக்கத்தைக் காட்டினார்கள். சுவருக்குள் கம்பி வைத்து, தூணில் வளையக் கம்பியை நெருக்கிக் கட்டி, ஒழுங்காகச் செய்தால் சுவர் உள்ள சட்டகம் வெற்றுச் சட்டகத்தைவிட எத்தனையோ மேல். உதவுவதும் உதைப்பதும் அதே சுவர்தான்.

பள்ளிக்கூடங்களில் இந்த உதை இன்னும் பிரசித்தம். வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னல் மட்டம் வரை சுவரைக் கட்டி நிறுத்திவிடுவார்கள். தூணின் கீழ்ப்பாதியைச் சுவர் பிடித்துக்கொள்ளும், மேல்பாதி மட்டும் ஆட வேண்டும். தூணின் நீளம் பாதியானால் அதன் விறைப்பு எட்டு மடங்கு. எட்டு மடங்கு விறைப்பானவன் எட்டு மடங்கு விசையை இழுத்துக்கொள்வான். பலம் மட்டும் எட்டு மடங்கு ஏறியிருக்காது. 1968-இல் ஜப்பானில் டொகாச்சி-ஓகி நிலநடுக்கத்தின்போது இப்படிக் கழுத்தை நீட்டிய தூண்கள் வரிசையாக வெட்டுப்பட்டன.

சுவரே வம்பு என்று முடிவு கட்டிய நாடுகளும் உண்டு. நியூசிலாந்து மாதிரியான இடங்களில், சுவருக்கும் தூணுக்கும் இடையில் சட்டப்படி ஒரு இடைவெளி விட்டு, மெத்தென்று எதையாவது அடைத்தார்கள். இருவருக்கும் சம்பந்தமே இல்லை என்று பத்திரம். பிடிமானம் இல்லாத சுவர் குப்புற விழாமல் இருக்க இரும்புக் கொக்கிகள் கொடுத்து மறுபடி பிடித்துக்கட்ட வேண்டியிருந்தது என்பது பத்திரத்தின் அடிக்குறிப்பு.

இத்தனை கூத்தும் சுவர் இருந்தால் என்ன செய்யும் என்பதைப் பற்றி. ஒரு மாடியில் மட்டும் சுவரே இல்லாவிட்டால்?

அதற்கு வித்திட்டவர் கட்டடக்கலைஞர் லெ கார்பூசியே. 1914-இலேயே சுவரில்லாத கான்கிரீட் எலும்புக்கூடு ஒன்றை வரைந்து அதற்கு டோம்-இனோ என்று பேர் வைத்தார். வரிசையாகச் சரிந்து விழும் ஆட்டக்காய்களின் பேரைக் கட்டடத்துக்கு வைக்க ஒரு தைரியம் வேண்டும். 1927-இல் ஐந்து கட்டளைகள் வெளியிட்டார். அதில் ஒன்று: வீட்டைத் தூண்கள்மேல் தூக்கி நிறுத்து, கீழே காற்றும் தோட்டமும் ஓடட்டும். அந்தக் கட்டளைப்படி பாரிஸ் பக்கம் 1931-இல் முடிந்த சாவோய் வீடு உலகப் புகழ்பெற்றது. கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்கார அம்மாள் கடிதம் எழுதி எழுதி ஓய்ந்தார் என்பது புகழுக்கு வெளியே உள்ள சேதி.

1950-களில் ஆமதாபாத்தின் ஆலை அதிபர்கள் இவரை வரவழைத்தார்கள். ஆலை அதிபர்கள் சங்கக் கட்டடம், இரண்டு பங்களா, சன்ஸ்கார் கேந்திரா அருங்காட்சியகம் என்று வரிசையாகக் கட்டிக் கொடுத்தார். அருங்காட்சியகம் அப்படியே தூண்கள்மேல் நிற்கிறது. அவர் கட்டடங்கள் நன்றாகத்தான் நின்றன, அதில் வம்பு பேச ஒன்றுமில்லை. ஆனால் தரைத்தளத்தைக் காலியாக விடுவது என்ற யோசனை ஊரில் தங்கிவிட்டது போலத்தான் பின்னால் நடந்தவை தெரிகின்றன. தோட்டம் வரவில்லை. பஜாஜ் ஸ்கூட்டர் வந்தது, பின்னால் மாருதி வந்தது. தரைத்தளம் வண்டி நிறுத்த, மேலே நான்கு மாடி அல்லது பத்து மாடி. மேலே எல்லா மாடியிலும் அறை அறையாகச் செங்கல் சுவர். கீழே வெறும் தூண். தூணும் சுவரோடு சமமாக மறைய வேண்டும், அறைக்குள் துருத்தக் கூடாது என்பதால் ஒன்பது அங்குலம்.

கணினிக்குள் இந்தக் கட்டடம் பரம சாதுவாக இருந்தது. எந்த மாடியிலும் சுவர் எண்ணிக்கையில் இல்லையல்லவா? ஆகவே எல்லா மாடியும் ஒரே மாதிரி, ஒரே சீராக ஆடின. நிஜத்தில் மேல் மாடிகள் கணக்கில் இல்லாத மூலைவிட்டங்களால் இறுகிப் பெட்டியாகி இருந்தன. ஆடவேண்டிய ஆட்டம் முழுவதும் கீழே ஒரே ஒரு மாடிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை 8.46. மையம் கச்சில், பூஜ் பக்கம். ஆமதாபாத் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரத்தில் பழைய வீடுகளில் பல தப்பின. சுமார் 130 அடுக்குமாடிகள் விழுந்தன, எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை காலில் மட்டும் உடைந்தவை. முதல் மாடி தரைக்கு வந்து, மேல் மாடிகள் அதிகம் குலையாமல் அப்படியே கீழே உட்கார்ந்திருந்த கட்டடங்களின் படங்கள் அன்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. பால்கனிக் கொடியில் துணி அப்படியே இருக்கும். கொடி மட்டும் ஒரு மாடி இறங்கியிருக்கும்.

முப்பது வருடத்துக்கு முன்பே இதைக் கலிஃபோர்னியா பார்த்திருந்தது. 1971 பிப்ரவரியில் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் ஆலிவ் வியூ என்ற புத்தம்புது மருத்துவமனையின் மாடிகள் விறைப்பாக நிற்க, கீழ்த்தளத் தூண்கள் மட்டும் வளைந்து ஒதுங்கின. பாடம் எழுதி, அச்சிட்டு, நூலகத்தில் வைத்திருந்தார்கள். நூலகத்துக்கும் பில்டர் அலுவலகத்துக்கும் தூரம் அதிகம்.

பூஜ் ஆடிய அடுத்த ஆண்டே நம் நாட்டு நிலநடுக்க விதிநூல் புதுப்பிக்கப்பட்டது. அதன் எண் 1893. ஆண்டு இல்லை, வெறும் வரிசை எண். சிகாகோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அடித்துச் சொல்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம். அந்த 2002 பதிப்புதான் சென்னையை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அதற்கு முந்தைய செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் வந்த 5.5 அளவு நிலநடுக்கம் சென்னை நாற்காலிகளை லேசாக ஆட்டி, அதற்குக் கட்டியம் கூறியிருந்தது. கீழே திறந்த மாடி உள்ள கட்டடத்தின் அந்த மாடித் தூண்களுக்கும் பீம்களுக்கும், கணக்கில் வரும் விசையை இரண்டரை மடங்காக்கிப் பலம் கொடு என்று விதி வந்தது. எதனால் இரண்டரை, ஏன் மூன்று இல்லை என்று கேட்டால் ஹோம்ஸ் காலத்துச் சண்டை திரும்ப வரும்.

அதே பதிப்பில் ஒரு ரகசிய நகைச்சுவையும் உண்டு. கட்டடம் ஒரு முறை ஆடி வர எத்தனை நொடி என்பதற்கு இரண்டு சூத்திரம்: வெற்றுச் சட்டகத்துக்கு ஒன்று, சுவர் நிரப்பியதற்கு ஒன்று. 15 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலமுள்ள கட்டடத்துக்கு முதலாவது 0.57 நொடி என்கிறது, இரண்டாவது 0.43. சுவர் இருந்தால் கட்டடம் விறைப்பு, வேகமாக ஆடும், பெரும்பாலும் விசையும் கூடும். ஆகவே சுவரின் பேரைச் சொல்லி விசையை வசூலித்துக்கொண்டு, அந்த விசையைத் தாங்குபவர் பட்டியலில் மட்டும் சுவரை விட்டுவிட்டு ஊரெல்லாம் கணக்குப் போட்டது. வரி கட்டும்போது குடிமகன், ஓட்டுப் போடும்போது வெளியூர்க்காரன்.

2016 பதிப்பில் கடைசியாகச் சுவருக்கு வேலை நியமன உத்தரவு வந்தது. செங்கல் சுவரை மூலைவிட்டக் குச்சியாக எடுத்துக்கொள். அகலத்துக்கு மெயின்ஸ்டோன் வழி. செங்கல் கட்டுமானத்தின் மீள்தன்மைக்கு, அதன் நசுங்கு பலத்தைப்போல் 550 மடங்கு. இது கான்பூர் ஐஐடியில் நம்மூர்ச் செங்கல்லையே நசுக்கிக் கண்டுபிடித்த எண், இறக்குமதி இல்லை. மாஸ்கோவிலிருந்து, விதிநூல் வெளியாகும் மானக் பவனுக்கு வர அறுபது வருடம். தபால் துறையைக் குறை சொல்லாதீர்கள்.

உத்தரவின் அடியில் ஒரு நிபந்தனை. சுவரின் நீளம் அதன் கனத்தைப்போல் 12 மடங்குக்குள் இருக்க வேண்டும், உயரமும் அப்படியே. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் 2.76 மீட்டர் நீளம் வரை. நாலரை அங்குலச் சுவர் என்றால் 1.38 மீட்டர். நான் மேலே கொடுத்த 4 மீட்டர் சுவர் நேர்முகத் தேர்விலேயே வெளியே. நாலரை அங்குலத்தில் தேறுவது கக்கூஸ் சுவர் ஒன்றுதான்.

சரி, தேறிய சுவராவது குச்சி மாதிரி நடக்குமா? அது பீமுக்கு அடியில் கடைசி வரிசை வைக்கிற கொத்தனார் கையில் இருக்கிறது. கீழிருந்து கட்டிக்கொண்டு வந்தவருக்குப் பீமை நெருங்கும்போது முழுச் செங்கல் நுழையாது, அரைச் செங்கல் அதிகம். சாரத்தின்மேல் கழுத்தை ஒடித்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த துண்டுகளைச் செருகி, கலவையை அப்பிக் கரண்டியால் வழித்துவிடுவார். பீமோடு முட்ட வேண்டிய இடம் அதுதான், மூலை நெருக்கம் ஆரம்பிக்க வேண்டிய இடமும் அதுதான். கலவை காய்ந்து சுருங்கியதும் பீமுக்குக் கீழே ஒரு மயிரிழை ஓடும். பூச்சும் பட்டியும் அதை மூடும். அந்த மயிரிழை அடையும் வரை சட்டகம் தனியாக ஆட வேண்டும், குச்சி வேடிக்கை பார்க்கும். கணினித் திரையில் அந்த மயிரிழைக்கு வண்ணம் கிடையாது.

பிறகு எலக்ட்ரீஷியன் வருவார். ஸ்விட்ச் போர்டுக்குக் குழாய் இறக்க, கட்டர் மிஷினால் காடி எடுப்பார். அவசரத்தில் குறுக்காக. ஹோம்ஸ், ஸ்டாஃபர்ட் ஸ்மித், மெயின்ஸ்டோன், பாலே நான்கு பேரும் அகலம் பேசிய அதே வழித்தடத்தில், தூசி பறக்க, இரண்டு அங்குல ஆழம்.

அதற்கும் தப்பிய சுவருக்கு, வீடு வாங்கியவர் இருக்கிறார். சென்னைப் புறநகரில் ஸ்டில்ட்டுக்கு மேல் நான்கு மாடி, அதில் இரண்டாவது மாடி. கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு, சமையலறையையும் ஹாலையும் ஒன்றாக்கினால் விசாலமாக இருக்கும் என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. மேஸ்திரி சுவரில் முட்டியை மடக்கித் தட்டிப் பார்க்கிறார்.

“இது எதையாச்சும் தாங்குதா மேஸ்திரி?”

“இது எதைங்க சார் தாங்கப் போவுது? எல்லாம் பில்லர்ல நிக்கிது. இது சும்மா அடைப்புக்குக் கட்டுன சுவரு.”

“இல்ல, இன்ஜினியரை ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“அவரு பிளானையே பாருங்க சார், இந்தச் சுவருக்கு ஒரு கம்பியாவது போட்டிருக்காரா? நாளைக்குக் காலையில ரெண்டு ஆளோட வந்தா மத்தியானத்துக்குள்ள இறக்கிரலாம்.”

“எவ்வளவு ஆகும்?”

“உடைக்கிறதுக்கு ஒரு கூலி. குப்பையை வண்டி ஏத்துறதுக்குத் தனிக் கூலி. சாயங்காலத்துக்குள்ள அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க சார், லிஃப்ட்ல மூட்டை இறக்கினா சத்தம் போடுவாரு.”